மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை அட்மிட் செய்யும்போது

மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு, வாயால் சாப்பிட முடியாததால் வயிற்றில் குழாய். இப்படி இருக்கும் குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கினாலே பெரும்பாலும் அட்மிஷன்தான். வழக்கமாகப் பார்க்கும் நியூரோ டாக்டர் ராத்திரி 2 மணிக்கு இருக்க மாட்டார், ட்யூட்டி டாக்டர் குழந்தையை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார். தடி பைலைப் புரட்ட அவருக்கு நேரம் இருக்காது. அதனால் ஒரே ஒரு தாள் தயாராக இருக்கட்டும், நாலு ஜெராக்ஸோடு.

அதில் நோய்கள், செய்த ஆபரேஷன்கள், ஒவ்வாமை, கடைசியாகப் பார்த்த எடை, குழாயின் அளவு, அதை மாற்றிய தேதி எல்லாம் வேண்டும். வலிப்பு மருந்தை எழுதும்போது "லெவிடிரசிட்டம் 3 மில்லி" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அந்த சிரப் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் சிரப்போ 5 மில்லிக்கு 200 மில்லிகிராம். ஊசியாக மாற்றும்போது மில்லி மட்டும் தெரிந்தால் கணக்கு தப்பும். மில்லி, மில்லிகிராம், கொடுக்கும் நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

தாளில் பலரும் விட்டுவிடுவது, குழந்தை நன்றாக இருக்கும் நாளில் எப்படி இருக்கும் என்பதை. என் மகள் வலித்தால் அழ மாட்டாள், பல்லை நறநறவென்று கடித்து இடது காலை இழுத்துக்கொள்வாள். பெயர் சொன்னால் கண்ணைத் திருப்புவாள், அதுவும் இல்லையென்றால் நிலைமை சரியில்லை. புதிதாகப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? போனில் நல்ல நாள் வீடியோ ஒன்றும், வலிப்பு வந்தபோது எடுத்தது ஒன்றும் வைத்திருங்கள். சிஸ்டர்கள் ட்யூட்டி மாறும்போதெல்லாம் அலுக்காமல் திரும்பச் சொல்லுங்கள், படுக்க வைத்தபடியே பால் விடக்கூடாது, தலைப்பக்கம் உயர்த்த வேண்டும் என்பது உட்பட.

சில கேள்விகளை நீங்களேதான் கேட்க வேண்டும். "வயிற்றுக்கு எதுவும் கொடுக்காதீங்க" என்றால், வலிப்பு மருந்தும் நிறுத்தணுமா, ஊசியாகப் போடுவீர்களா என்று உடனே கேளுங்கள். வால்ப்ரோயேட் எடுக்கும் குழந்தைக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் போட்டால், ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு ஓரிரு நாளில் மளமளவென்று இறங்கி, அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம். கடுமையான தொற்றுக்கு அந்த மருந்து தேவைப்படலாம், மறுக்க வேண்டாம். வேறு வலிப்பு மருந்து சேர்க்கணுமா என்று மட்டும் கேளுங்கள். குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள், சில மணி நேரத்திலேயே துளை சுருங்கி மூட ஆரம்பிக்கும்.

செலவுக்கு, தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு 1 லட்சம் வரை, மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு உண்டு. உடம்பு நன்றாக இருக்கும்போதே பதிந்து வையுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். இருந்தாலும் சம்மரியை உங்கள் தாளோடு வரிவரியாக ஒத்துப்பாருங்கள். எதை நிறுத்தினார்கள், எந்த டோஸ் மாறியது, ஏன் என்று கேளுங்கள். வீட்டில் வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே எத்தனை முறை என்று டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். ஸ்பிரே கைக்கு வந்த பிறகு ஆட்டோ பிடியுங்கள்.