ஊரின் கொடிவழி எழுத சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள்

கொடிவழி, அதாவது யாருக்கு யார் பிள்ளை என்ற வம்ச வரிசை, எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வீட்டில் மூத்தவரிடம் பெயர்களைக் கேட்டுத் தாளில் எழுதத் தொடங்குவார்கள். மூன்று தலைமுறை சரளமாக வரும், நான்காவதில் சிக்கும். பேரன் என்ற சொல்லிலேயே அதன் காரணம் இருக்கிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி என்று பெயர்கள் மாறி மாறி வரும். அண்ணன் தம்பி நால்வரும் தங்கள் தலைமகனுக்கு ஒரே பாட்டன் பெயரை வைத்திருந்தால், ஒரே காலத்தில் ஒரே ஊரில் நான்கு ராமசாமிகள் இருப்பார்கள். சர்வே எண்ணில் இந்தக் குழப்பம் இல்லை. ஒரு கிராமத்தில் ஓர் எண் ஓர் இடத்தைத்தான் குறிக்கும். ஆகவே ஒவ்வொரு ஆளையும் அவர் உழுத நிலத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

முதலில் வருவாய்க் கிராமத்தின் பெயரையும் எண்ணையும் உறுதி செய்யுங்கள். நாம் ஊர் என்று சொல்வது பல இடங்களில் வருவாய்க் கணக்கில் ஒரு குக்கிராமமாகத்தான் இருக்கும், பதிவேடு தாய்க்கிராமத்தின் பெயரில் இருக்கும். மாவட்டமும் மாறியிருக்கும். திண்டுக்கல் 1985-ல் மதுரையிலிருந்தும், நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்தும் பிரிந்தவை. திருப்பூர் 2009-ல் கோவை, ஈரோடு மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து உருவானது. பழைய ஆவணத்தைப் பழைய ஜில்லா, பழைய தாலுகா பெயரில்தான் தேட வேண்டும்.

அடுத்து கிராம வரைபடமும், ஒவ்வொரு நிலமும் யார் பெயரில் எவ்வளவு என்று காட்டும் 'அ' பதிவேட்டின் நகலும் வேண்டும். இப்போதைய பட்டாக்கள் பெரும்பாலும் 1980-களில் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாக வந்தவை. மக்கள் அதை யுடிஆர் என்பார்கள். 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு, அதாவது பழைய சர்வே எண்ணுக்கு, தனிக் கட்டம் உண்டு. அதை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள், தாத்தா காலத்துப் பத்திரத்தில் இருப்பது அந்த எண்தான். உட்பிரிவுகளையும் பாருங்கள். 112/2 என்ற புலம் 2ஏ, 2பி, 2சி என்று ஏறக்குறையச் சம அளவில் பிரிந்திருந்தால், மூன்று சகோதரர்கள் பாகம் பிரித்த தடமாக அது இருக்கலாம். விற்பனையாலும் அப்படிப் பிரியும் என்பதால் பத்திரத்தைப் பார்க்காமல் முடிவுகட்டாதீர்கள்.

பத்திரத்துக்கு வழி, ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் இணையதளத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தைய பதிவுகள் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். பத்திர எண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும். எனவே எண், ஆண்டு, அலுவலகம் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள், ஒன்று விட்டாலும் நகல் எடுக்க முடியாது. கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் எல்லாம் பதிவு அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்திலும், உயில்கள் 3-ஆம் புத்தகத்திலும் இருக்கும். கொடிவழிக்குப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை மிஞ்சிய ஆவணம் இல்லை. தகப்பன் பெயர், வயது, மைனர் பிள்ளைகள், கார்டியன், காலஞ்சென்றவர் யார் என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

அதில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி நான்கெல்லை. "முத்துசாமி நிலத்துக்கு வடக்கு" என்று எழுதியிருந்தால், பத்திரத்திலுள்ள நிலம் முத்துசாமி நிலத்துக்கு வடக்கே இருக்கிறது, முத்துசாமி தெற்கே இருக்கிறார் என்று பொருள். இதைத் திருப்பிப் படித்துவிட்டால் வரைபடம் முழுவதும் தலைகீழாகும். எல்லையில் வரும் பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள். பாகம் பிரித்த நிலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பல நேரம் பங்காளிதான். வீட்டில் எல்லோரும் மறந்துபோன ஒரு கிளை இந்த நான்கு வரிகளில் அகப்படுவதுண்டு.

ஆண்டுக் கணக்கில் இடறாதவர் குறைவு. வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. தென்கோடி மாவட்டங்களில் மலையாள நாட்டு வழக்கான கொல்லம் ஆண்டு வரும். அதற்கு ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824, ஜனவரிக்கு மேல் 825 கூட்ட வேண்டும். தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். "தாது வருஷம் மாசி மாதம்" என்றால் 1877 ஆகவும் இருக்கலாம், 1937 ஆகவும் இருக்கலாம். தாது 1876 சித்திரையில் தொடங்கியதால், மாசி அடுத்த ஆங்கில ஆண்டில் விழுகிறது. முத்திரைத்தாளில் இருப்பது யார் தலை என்று பார்த்தாலே எந்தச் சுற்று என்பது தெரிந்துவிடும்: விக்டோரியா என்றால் முந்தையது. பழைய கையெழுத்தில் தமிழ் எண்களும் வரும். ௧ என்பது 'க' போலவும், ௭ என்பது 'எ' போலவும், ௮ என்பது 'அ' போலவும் இருப்பதால் எழுத்தென்று எண்ணித் தாண்டிவிடுவோம். தஞ்சைப் பக்கம் அளவுகள் மா, வேலியில் இருக்கும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா சுமார் 33 சென்ட்.

நிலப் பத்திரங்களை மட்டும் நம்பினால் ஊரில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். பெண்கள் பெயர் அவற்றில் அரிது. அப்படி ஒரு கொடிவழி எழுதி முடித்தேன் என்று சொல்வது அந்தத் தாய்களுக்குச் செய்யும் அநியாயம். விடுதலைப் பத்திரங்களைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதுவரை மணமாகாத மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப்போல் பங்கு வந்தது, 2005-ல் அது விரிந்தது. பங்கை விட்டுக்கொடுக்கும் சகோதரிகளின் பெயர், கணவர் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர் எல்லாம் அந்தப் பத்திரங்களில் வரிசையாக இருக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு மொய் நோட்டைக் கேளுங்கள். பரணில் பழுப்பேறிக் கிடக்கும் நாற்பது பக்க நோட்டில் ஊர், பெயர், தொகை வரிசையாக இருக்கும். தாய்மாமன் மொய் பெரும்பாலும் முதல் வரியில். எந்த ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ, அந்த ஊரில்தான் பெண் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

நிலமில்லாத குடும்பங்களுக்கு வழி வேறு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் ஊரும் கிடைக்கும். ஆனால் பிறந்த தேதியை நம்ப வேண்டாம், ஐந்து வயது முடிந்ததாகக் காட்ட மே, ஜூன் மாதத் தேதியை வாத்தியாரே போட்டிருப்பார். பிறப்புப் பதிவில் தேதி சரியாக இருக்கும், பெயர் இருக்காது. "ஆண் குழந்தை" என்று மட்டும் எழுதியிருப்பதால் தாய் தகப்பன் பெயரை வைத்துத் தேட வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய செல்வம். கத்தோலிக்கப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயரும் உண்டு. 1964 ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து திரும்பியவர்களிடம் குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள், பூர்வீக ஊர் அவற்றில் இருக்கக்கூடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனியாள் பெயர் தேடி அலைய வேண்டாம், எண்ணிக்கை மட்டுமே வெளியிடுவார்கள்.

பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியம் (ஊர்த் தலைவர்) பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டபோது சில பழைய கணக்குகள் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. பணிவாகக் கேட்டால் பார்க்கக் கொடுப்பவர்கள் உண்டு. இனாம் நிலமாக, அதாவது வரி நீக்கியோ குறைத்தோ மானியமாகக் கொடுத்த நிலமாக, இருந்தால் 1858-க்குப் பின் இனாம் கமிஷன் எடுத்த பதிவேடுகளை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம்.

கோயில் கல்வெட்டையும் நடுகல்லையும் காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும்போது படமெடுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் பூசக் கூடாது, கல் கெடும். வெயில் இல்லாவிட்டால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

கேட்கப் போகுமுன் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: பங்கு கேட்டு வரவில்லை என்று. பழைய பத்திரம் பற்றி ஒருவர் விசாரித்தால் பங்காளி வீட்டில் முதலில் எழும் சந்தேகம் அதுதான். மூலப்பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாமல், அவர்கள் திண்ணையிலேயே படமெடுத்துத் திருப்பிக் கொடுங்கள். எங்கிருந்து குடிவந்தோம் என்ற கதையைச் சொன்னபடியே எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் கீழே போடுங்கள். அதைக் கொடிவழியின் கட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். உயிரோடிருப்பவர்களின் விவரத்தை அவர்கள் சம்மதமில்லாமல் இணையத்தில் போடக் கூடாது.

ஒவ்வொருவருக்கும் தலைமுறை எண், பெயர், சர்வே எண் சேர்ந்த குறி கொடுங்கள். "3-ராமசாமி-112/2பி" என்றால் எந்த ராமசாமி என்ற கேள்வியே எழாது. கீழே எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது என்று ஒரு வரி. உறுதியாகாத உறவைப் பென்சில் கோட்டில் விடுங்கள். வரைவை ஒரு பெரிய தாளில் எழுதி, மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் குலதெய்வக் கோயிலில் கூடும்போது சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள்.