ஹூடி போட்ட கொலைகாரன் வேண்டாம்: மாணவர் த்ரில்லரின் தொடக்கக் காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டையில் பகல் பதினொரு மணிக்கே தார் ரோடு கொதிக்கும். அந்த வெயிலில் எடுத்த ஒரு மாணவர் குறும்படத்தின் முதல் காட்சியில், தலையை மூடும் கறுப்பு ஹூடி போட்ட ஒருவன் இருட்டறையில் நின்று கத்தியைத் துடைக்கிறான். குழாயில் நீர் சொட்டுகிறது. இதயத் துடிப்புச் சத்தம். ஒரு பெண்ணின் அலறல். திரை இருண்டு, சிவப்பு எழுத்தில் படத்தின் பெயர்.

காட்சித் தொடர்பியல் (விஸ்காம்) படிக்கும் பிள்ளைகளோடு எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து, இதே தொடக்கத்தைப் பல ஆண்டுகளாக வேறு வேறு பெயர்களில் பார்த்துவருகிறேன். அவர்களுடைய உழைப்பில் குறையே இல்லை. இரவெல்லாம் கண்விழித்து எடுத்திருப்பார்கள். ஆனால் பார்ப்பவர் மனதில் ஒரு கேள்விகூட எழுவதில்லை. கேள்வி எழாத இடத்தில் பதற்றம் எப்படி வரும்?

இருள், நிழல், முகம் காட்டாத உருவம், பின்தொடரும் கேமரா, பாதியில் அறுந்துபோகும் தகவல் என்று த்ரில்லருக்கான மரபுகள் பல உண்டு. அவற்றைக் கையாள்வதில் தவறே இல்லை. வந்து உட்கார்ந்த ஒரு நிமிடத்துக்குள் ‘இது த்ரில்லர்’ என்று பார்வையாளர் புரிந்துகொள்வதே அவற்றால்தான். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காக வந்தவை. பாத்திரத்துக்கு எவ்வளவு தெரிய வேண்டும், பார்ப்பவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று பங்கு பிரிப்பதுதான் அந்த வேலை. அதை விட்டுவிட்டு உடையையும் இருட்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளும்போது தவறு தொடங்குகிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

எல்லாவற்றையும் மறைத்துவிடுவது

மர்மம் என்றால் எதையும் சொல்லக் கூடாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவன் யார், எங்கே நிற்கிறான், யாரைத் தேடுகிறான், பையில் என்ன இருக்கிறது என்று எதுவுமே தெரியாமல் இரண்டு நிமிடம் ஓடுகிறது. ஒன்றுமே தெரியாதவனுக்குப் பயப்பட என்ன இருக்கிறது?

த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன ஆங்கிலப் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதை விளக்கச் சொன்ன எடுத்துக்காட்டு உலகெங்கும் திரைப்பட வகுப்புகளில் சொல்லப்படுகிறது. இரண்டு பேர் மேசையருகில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் வெடிகுண்டு. பார்ப்பவருக்கு அது தெரியாமலே வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டால், அந்தச் சப்பையான பேச்சே 15 நிமிடப் பதற்றமாகிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள நம் பிள்ளைகள் ஹாலிவுட் வரை போக வேண்டியதே இல்லை. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். காப்புப் பாடிய பிறகு ‘வருபொருள் உரைத்தல்’ என்று ஒரு பகுதி வரும். இன்றைக்கு யாருடைய கதை என்பதைப் புலவர் அங்கேயே சொல்லிவிடுவார். கூட்டத்துக்கும் கதை தெரியும். யார் சாகப்போகிறார், யார் கையால் என்பதுவரை தெரியும். ஆனாலும் நள்ளிரவு தாண்டியும் ஒருவரும் எழுந்து போவதில்லை. சாகப்போகிறவன் ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டே வரும் கட்டத்தில், குடத்தின் தாளம் சற்று வேகம் பிடித்தாலே முன்வரிசையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். தொடக்கக் காட்சி எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கொடை இரவில் வில்லைப் பார்க்காமல், கூட்டத்தின் முகத்தை மட்டும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பேன்.

ஆகவே தொடக்கத்தில் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லுங்கள். இன்னொன்றை மறையுங்கள். சொன்னது எது, மறைத்தது எது என்று காகிதத்தில் இரண்டு வரி எழுத முடியவில்லை என்றால் கேமராவைத் தொட வேண்டாம்.

தலைகீழாக்கினால் மரபு உடைந்துவிடும் என்று நம்புவது

படத்தோடு ஒரு விளக்கக் குறிப்பும் தரும்படி கல்லூரிகளில் கேட்பதுண்டு. அதில் அடிக்கடி காணப்படும் வரி: ‘கொலைகாரரைப் பெண்ணாகக் காட்டி மரபை உடைத்திருக்கிறோம்.’ படத்தைப் போட்டால் அதே இருட்டறை, அதே ஹூடி, அதே கத்தி. கடைசியில் தலையை மூடிய துணி விலகிப் பின்னல் தெரிகிறது. ஆளை மாற்றியிருக்கிறார்கள், பார்ப்பவரின் எதிர்பார்ப்பு இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. மரபை உடைப்பதென்றால், அந்த மரபின்மேல் பார்வையாளர் வைத்திருக்கும் நம்பிக்கையில் கை வைக்க வேண்டும்.

தமிழிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’, துப்பாக்கி வெடித்து நாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுவதில் தொடங்குகிறது. நாயகன் கடைசிவரை இருப்பான் என்பது அந்தக் காலப் பார்வையாளரின் அசைக்க முடியாத நம்பிக்கை. படத்தில் பாட்டு இருக்கும் என்பது இன்னொன்று. அந்தப் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது.

இந்த இரண்டையும் உடைத்தவர்கள் மற்றவற்றைக் குலைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கொலை, விசாரணைக்கு வரும் அதிகாரி, சந்தேகத்துக்குரியவர்கள், ஒவ்வொருவரும் தன் பக்கத்தைச் சொல்வது என்று துப்பறியும் கதையின் கட்டுமானம் முழுவதும் உறுதியாக நிற்கிறது. அந்த உறுதியில் கால் ஊன்றித்தான் பார்வையாளர் அதிர்ச்சியைத் தாங்குகிறார். இரண்டு நிமிடத் தொடக்கத்தில் ஒரே ஒரு மரபை உடையுங்கள். மற்றவற்றைப் பிசகில்லாமல் கடைப்பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உடைத்த படங்களையும் பார்த்திருக்கிறேன். எது உடைந்தது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

பிணமாக மட்டும் வரும் பெண்

இதைப் பற்றிச் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் கலைந்த கூந்தலோடு ஒரு பெண்ணின் சடலம், அதன்மேல் மெதுவாக நகரும் கேமரா. அவளுக்குப் பெயர் இல்லை, குரல் இல்லை, காலையில் என்ன சாப்பிட்டாள் என்பதுகூடப் படத்தை எடுத்தவர்களுக்குத் தெரியாது. இழப்பை உணர வேண்டுமென்றால் உயிரோடு அவளுக்குப் பத்து விநாடியாவது கொடுங்கள். செருப்பின் வாரைச் சரிசெய்யட்டும், பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணட்டும்.

திருநெல்வேலி என்றால் அரிவாள்

இந்தத் தவறு எனக்கு மிகவும் வலிக்கிறது. ‘மண்ணின் த்ரில்லர்’ எடுக்கிறோம் என்று சொல்லி முதல் காட்சியிலேயே அரிவாளைத் தீட்டுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் நம் மாவட்டத்தைப் பற்றிச் செய்துவைத்த படத்தை நம் பிள்ளைகளே எடுத்து மாட்டிக்கொள்வதுபோல் இருக்கிறது. வாக்கியத்துக்கு ஒரு ‘ஏலே’ போடுவதும் இதே வகைதான். வயதில் மூத்த கடைக்காரரை இங்கே எந்தப் பையன் ‘ஏலே’ என்று கூப்பிடுகிறான்? ‘அண்ணாச்சி’ என்றுதானே வாய் வரும்! உண்மையான சாதி வன்முறையில் ஆட்களை இழந்த குடும்பங்கள் அதே தெருக்களில் வசிக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. அரிவாளை அலங்காரப் பொருளாக்கும்போது அவர்களுடைய துக்கத்தையும் சேர்த்து மிதிக்கிறோம். நடைமுறைக் காரணமும் உண்டு: பொம்மை ஆயுதத்தோடு பொது இடத்தில் ஓடினால் பார்ப்பவர்களுக்கு அது பொம்மை என்று தெரியாது. அக்கம்பக்கத்தாரிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லாமல் அப்படி எடுக்கவே கூடாது.

ஊரைச் சுற்றுலா அட்டைபோல் காட்டுவதும் தவறு. சுலோச்சன முதலியார் பாலத்தின்மேல் ட்ரோன், நெல்லையப்பர் கோபுரம், ஈரடுக்கு மேம்பாலம் என்று முப்பது விநாடி போய்விடும். இடம் கதைக்குள் வர வேண்டுமென்றால், அந்த இடத்துக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று அதில் இருக்க வேண்டும். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயில் நீரில் மூழ்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். இப்படி யோசித்துப் பாருங்கள்: வெள்ளம் வடிந்த காலை. மண்டபத் தூண்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிகின்றன. ஒரு தூணில் சங்கிலி போட்டுப் பூட்டிய சைக்கிள், சேறு அப்பியபடி நிற்கிறது. பூட்டு உடையவில்லை. வெள்ளம் வரும் என்று ஊரே அறிந்த இரவில் அதை அங்கே பூட்டிவிட்டுப் போனவர் எங்கே? ரத்தம் தேவையில்லை, வசனமும் தேவையில்லை.

இருட்டும் சத்தமும்

இரவுக் காட்சியை நள்ளிரவில் எடுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. போன் கேமராவிலோ விலை குறைந்த கேமராவிலோ நள்ளிரவில் எடுத்தால், ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, கூட்டிக் கூட்டிப் படமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். சூரியன் மறைந்த பிறகு நம் பகுதியில் சுமார் 20 நிமிடம் வானத்தில் நீல வெளிச்சம் மிச்சமிருக்கும். மதியமே ஒத்திகை பார்த்துவிட்டு அந்த 20 நிமிடத்துக்குள் எடுங்கள். ஜன்னலில் ஒரு மஞ்சள் பல்பு எரிந்தால் போதும், திரையில் அது இரவுதான். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் பட்டை பட்டையாக ஓடினால் கேமராவைத் திட்ட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள்.

ஒலியில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. எங்கிருந்தோ எடுத்த சினிமாப் பின்னணி இசையை முதல் நொடியிலிருந்து ஓடவிடுகிறார்கள். உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும்; ‘பயப்படு’ என்று இசையே உத்தரவு போட்டுவிட்டால் காட்சிக்கு வேலை இல்லை. நம் ஊரில் கிடைக்கும் ஒலிகளைக் கேளுங்கள். பனங்காட்டில் காற்றடித்தால் காய்ந்த ஓலை உரசும் சத்தம், பணகுடிப் பக்கம் காற்றாலைக்குக் கீழே நின்றால் கேட்கும் விடாத வீச்சு, விடியலில் யாரோ கூப்பிடுவதுபோல் அகவும் மயில். ஆனியிலும் ஆடியிலும் வெளியே ஒலி பதிவதென்றால் மைக்குக்கு ரோம உறை கட்டாயம். இல்லாவிட்டால் காற்றின் அடி மட்டும்தான் மிஞ்சும். ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் வாய் மூடி நிற்க, அந்த இடத்தின் வெறும் ஒலியை 30 விநாடி தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் மௌனம் வேண்டும்போது அதுதான் கைகொடுக்கும்.

திரையில் போடும் பெயர்களைப் பற்றி ஒரு சொல். 120 விநாடித் தொடக்கத்தில் மூன்று நிறுவன முத்திரை, நன்றி அட்டை, எச்சரிக்கை அட்டை என்று 40 விநாடியைக் கொடுத்துவிடாதீர்கள். நன்றியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மற்ற பெயர்களைக் காட்சி ஓடும்போதே ஓரத்தில் போடுங்கள்.

ஒரு கதவு

மூன்று பேர் கொண்ட ஒரு குழு, முதலில் ஹூடிக் கதையைத்தான் கொண்டுவந்தது. சின்ன வயதில் உண்மையிலேயே எதற்குப் பயந்தீர்கள் என்று கேட்டேன். வழி கேட்டு வீட்டுக்கு வந்த ஒரு வெள்ளைச் சட்டைக்காரரைச் சொன்னாள் ஒரு பெண். அவர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவள் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. அதிலிருந்து எழுதினார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் அவளுடைய ஆச்சி வீடு. மதியம் மூன்று மணி, நல்ல வெளிச்சம். ஆச்சி முற்றத்தில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருக்கிறார். பேத்தி புறவாசல் கதவை இழுத்துப் பார்க்கிறாள், திறக்கவில்லை. தூக்கித் தள்ள வேண்டும் என்கிறார் ஆச்சி, நிமிராமலே. அவள் தூக்கித் தள்ளிவிட்டு வெளியே போகிறாள். தெருவாசலில் ஒருவர்: இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோல் பை. ஏதோ ஒரு வீட்டுக்கு வழி கேட்கிறார். இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை என்கிறார். வெயிலாக இருக்கிறது, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு ஆச்சி தண்ணீர் எடுக்க உள்ளே போகிறார். வந்தவர் எழுந்து, கால் கழுவப் போகிறவரைப்போல் நேராகப் புறவாசலுக்கு நடக்கிறார். கதவில் கை வைக்கிறார். தூக்கித் தள்ளுகிறார்.

ஆச்சி செம்போடு வரும்போது திண்ணை காலியாக இருக்கிறது. பின்னால் கிணற்று ராட்டினம் சுற்றும் சத்தம். அதன்மேல் படத்தின் பெயர்.

முன்பின் தெரியாத ஆள், முன்பே காட்டிய தடயம், பாத்திரத்தைவிடப் பார்வையாளருக்குக் கூடுதலாகத் தெரிவது என்று த்ரில்லரின் மரபுகள் மூன்று இதில் அப்படியே இருக்கின்றன. உடைத்தது இருட்டை மட்டும். கதவு திறக்கும் இடத்தில் இசை வேண்டும் என்று குழுவில் ஒருவன் இரண்டு நாள் வாதாடினான். போட்டும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவனே எடுத்துவிட்டான்.

கல்லூரி அரங்கில் திரையிட்ட அன்று ஆச்சியும் வந்திருந்தார். நடிக்கும்போது அவரிடம் கதை எதையும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் எடுத்து வாருங்கள் என்று மட்டும்தான் சொன்னார்கள். விளக்குப் போட்டதும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் உள்ளே போன பிறகா அவன் அந்தக் கதவைத் திறந்தான், யார் அவன் என்று கேட்டார். மீதிக் கதையை அன்று இரவுதான் எழுதத் தொடங்கினார்கள்.