ஒற்றை அணு வினையூக்கிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, செமஸ்டர் விடுமுறையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். கரித்தளத்தில் நான்கு நைட்ரஜனுக்கு நடுவே ஒரு இரும்பு அணு. வினையை ஊக்குவிப்பது அந்தத் தனி அணுதான்; அதன் எலக்ட்ரான்களைக் கணினியில் கணக்குப் போட்டிருந்தாள். "அண்ணே, டி-பட்டை மையம் மேலே ஏறியிருக்கு. அப்போ ஆக்சிஜன் நல்லா ஒட்டும்தானே?"

அதிகம் பார்க்கும் தவறே இதுதான். டி-பட்டை மையம் என்பது உலோகத்தின் டி-எலக்ட்ரான் நிலைகளின் சராசரி ஆற்றல். அது ஏறினால் மூலக்கூறு இறுக்கமாக ஒட்டும் என்ற விதியை ஹேமர், நோர்ஸ்கோவ் என்ற ஆய்வாளர்கள் 1995இல் உலோகப் பரப்புக்காகச் சொன்னார்கள். அங்கே அணுக்கள் நெருங்கி நிற்பதால் டி-நிலைகள் கலந்து அகலமான பட்டையாகின்றன. தனி அணுவில் அவை பிரிந்து, ஒடுங்கிய முகடுகளாக நிற்கும். மேட்டுத் தோட்டத்துக்கும் ஆற்றங்கரைத் தோட்டத்துக்கும் சராசரி உயரம் எடுத்தால் அந்த உயரத்தில் ஒரு மரமும் இருக்காது. இந்தச் சராசரியும் அப்படித்தான். ஆர்பிட்டால்களை, அதாவது எலக்ட்ரான்கள் இருக்கும் தனித்தனி நிலைகளை, பிரித்துப் பாருங்கள். தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் இசட்-ஸ்கொயர் ஆர்பிட்டால் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை எலக்ட்ரான் என்பது பெரும்பாலும் அதிகம் சொல்லும்.

அப்புறம் சுழற்சி நிலை, அதாவது அணுவில் இணை சேராத எலக்ட்ரான்கள் எத்தனை என்பது. இரும்பு, கோபால்ட் என்றால் ஒரே தொடக்கக் காந்தத் திருப்புதிறனோடு நிறுத்திவிடாதீர்கள். கணக்கு தவறான பள்ளத்தில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும். பல தொடக்கங்களைக் கொடுத்து, ஆற்றல் குறைந்ததை எடுங்கள். டி-எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதைச் சரிசெய்யக் கணக்கில் சேர்க்கும் ஹப்பர்ட் யூ மதிப்பை மாற்றினால், எந்தச் சுழற்சி நிலை கீழே என்ற வரிசையே புரளலாம். எந்த மதிப்பு, ஏன் என்று அறிக்கையில் எழுதுங்கள்.

ஹைட்ரஜன் வாயு உருவாகும் வினைக்கு, ஒட்டும் ஆற்றலைக் கட்டற்ற ஆற்றலாக மாற்றப் பலர் 0.24 எலக்ட்ரான் வோல்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுகிறார்கள். அது உலோகப் பரப்புக்கு வந்த திருத்தம். உங்கள் அணுவுக்கு அதிர்வெண் கணக்கை நீங்களே போடுங்கள். ஒரே அணுவில் இரண்டு ஹைட்ரஜன் ஒட்டவும் வழியுண்டு. அதையும் சோதிக்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

எலக்ட்ரான் அடர்த்தியை அணுக்களுக்குப் பங்கிட்டு எடுக்கும் பேடர் மின்னூட்டத்தை ஆக்சிஜனேற்ற எண்ணாகப் படிக்காதீர்கள். இரண்டும் வேறு.

எனக்கு ரொம்பக் கவலை தருவது, மேலே எதுவும் ஒட்டாத வெற்று அணுவை வைத்துக் கணக்குப் போடுவது. நீரும் மின்னழுத்தமும் உள்ள இடத்தில் இரும்பின் தலையில் ஹைட்ராக்சில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். அப்போது வெற்று அணுவுக்கு எடுத்த எண், வேலை செய்யாத ஒரு வடிவத்தின் எண்தான். முதலில் அந்த மின்னழுத்தத்தில் எந்த வடிவம் நிலைக்கும் என்று பாருங்கள், பிறகு எண்ணை எடுங்கள்.

அணுவைத் தாங்கும் தளம் செம்பனைக் கொட்டை ஓட்டுக் கரி என்றால் நான்கு நைட்ரஜன் மாதிரி மட்டும் போதாது. மூன்று நைட்ரஜன், ஓர விளிம்பு, ஆக்சிஜன் கலந்த இடம் ஆகியவற்றையும் வரைந்து, அணு அங்கே நிற்குமா, கூட்டமாகத் திரளுமா என்று உலோகப் பிணைப்பு ஆற்றலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும்.