பிள்ளைக்குக் காய்ச்சலா? பொழுதுபட முன் பார்க்க வேண்டியவை

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, விடியட்டும் என்று இருப்பதா? இலங்கையில் வன்னிக்குள் நெடுங்கேணிப் பக்கமோ துணுக்காய்ப் பக்கமோ உள்ளுக்குள் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியோடு இரவு ஓட்டோ கிடைக்குமா, பாதையில் யானை நிற்குமா என்பதும் சேர்ந்தே வரும். அதனால் நான் பின்னேரம் நாலு மணிக்கே பிள்ளையை ஒருக்கால் முழுதாகப் பார்த்துவிடுவேன்.

1. வயது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்றால் மிச்சத்தை வாசிக்க வேண்டாம், வெளிக்கிடுங்கள். எந்த வயதானாலும் எழுப்பி எழும்பாத பிள்ளைக்கும் அதேதான்.

2. மூச்சு. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்துங்கள். போனில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு ஏறி இறங்குவதை ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டால் ஆஸ்பத்திரி. எண்ணிக்கை குறைவென்றாலும், மூச்சை இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் அதுவும் ஆஸ்பத்திரிதான். "சளிதானே, கற்பூரவள்ளி கொடு" என்பா அம்மம்மா. முதலில் எண்ணி முடியுங்கள்.

3. மூத்திரம். ஆறு மணித்தியாலமாகப் போகவில்லையா? காத்திருக்க வேண்டாம். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுங்கள்: முழுப் பக்கற்றும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில். பாதியைத் தம்ளரில் கரைக்கிற வேலை வேண்டாம். கரண்டி கரண்டியாகக் கொடுத்தும் எல்லாம் சத்தியாக (வாந்தியாக) வந்தால், கண் குழிந்தால், கண்ணீரில்லாமல் அழுதால் வீட்டு வைத்தியம் போதாது.

4. காய்ச்சல் விடும் நாள். டெங்கில் ஏமாறுவது இங்கேதான். என் மகளுக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. சந்தோசத்தில் புட்டு அவித்தேன், அவள் தொடவில்லை. பாதத்தைப் பிடித்தால் பச்சைத் தண்ணீர். அன்றிரவே வார்ட்டில் சேலைன் ஏறியது. காய்ச்சல் இறங்கும்போது கைகால் குளிர்ந்தால், வயிறு நொந்தால், ஓயாமல் சத்தி எடுத்தால், பல் முரசில் இரத்தம் கண்டால் உடனே போங்கள். இரண்டு நாள் தாண்டிய காய்ச்சலுக்கு டொக்டரைக் கண்டு இரத்தம் சோதிக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்: நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அஸ்பிரின், இபுபுரூபன் கூடவே கூடாது.

5. வலிப்பு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் கரண்டி வேண்டாம், கைக்குள் சாவியும் வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வீட்டு இலக்கம் சொல்லிப் பிரயோசனமில்லை, பக்கத்துக் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ குளக்கட்டையோ சொல்லுங்கள். ரோச் லைற்றோடு ஒருவரைச் சந்தியில் நிறுத்துங்கள்.

வெளிக்கிடும்போது கிளினிக் கொப்பியையும் கொடுத்த மருந்துப் போத்தலையும் எடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.