பாத்தூர் எரிமலையில் சூரிய உதயம், அடிவாரத்தில் வெந்நீர்க் குளியல்: செல்வோருக்கான வழிமுறைகள்

பாலித் தீவின் வடகிழக்கில், கிந்தாமணி மலைப்பகுதியில் உள்ள பாத்தூர் எரிமலையின் உயரம் 1,717 மீட்டர். இந்த எண்ணைக் கேட்டு மலைக்கத் தேவையில்லை. அடிவாரத்தில் இருக்கும் பாத்தூர் ஏரியே கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் அமைந்திருப்பதால், நாம் உண்மையில் ஏற வேண்டியது அறுநூறிலிருந்து எழுநூறு மீட்டர் உயரம்தான். நாள்தோறும் நடக்கும் பழக்கமுள்ள ஒருவர் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உச்சியை அடைந்துவிடலாம். இந்தப் பயணத்தில் பெரும்பாலானோரைச் சோர்வடையச் செய்வது தூக்கமின்மையே. மலையின் பங்கு அதற்கு அடுத்ததுதான். எனவே திட்டமிடுதலை முந்தைய இரவு எங்கே தங்குவது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

தெற்குக் கடற்கரையான கூத்தா, செமிஞாக் பகுதிகளில் தங்கியிருப்போரை வாகனம் நள்ளிரவு கடந்து ஒரு மணி, ஒன்றரை மணிக்கே வந்து அழைத்துச் செல்லும். தீவின் நடுப்பகுதியிலுள்ள உபுடில் தங்கியிருப்போருக்கு அது இரண்டு மணி, இரண்டரை மணி ஆகலாம். வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் அரைத் தூக்கத்தில் பயணித்து, இறங்கியவுடன் இருட்டில் ஏறத் தொடங்குவது உடலுக்கு உகந்தது அன்று. ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் தோயா புங்கா என்ற சிற்றூரிலோ, எரிமலையையும் ஏரியையும் சூழ்ந்த பெரும்பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் கிந்தாமணி ஊர்களிலோ முதல் நாள் மாலையே வந்து தங்கிவிட்டால், மூன்று மணி வரை உறங்கலாம். தோயா புங்காவில் மலையேறும் பாதையும் வெந்நீர் ஊற்றுகளும் ஒரே ஊரில் இருப்பதால், அங்கு தங்குவதே என் முதல் பரிந்துரை. அறைகள் எளிமையானவை; ஏரிக்கரை விளைநிலங்களை ஒட்டிய பகுதி என்பதால் ஈக்களும் உண்டு. ஓர் இரவுக்கு அது பெரிய குறையாகத் தோன்றாது.

எந்த மாதத்தில் செல்வது என்பது அடுத்த கேள்வி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைந்த பருவம். வானம் தெளிந்திருக்கும் வாய்ப்பு அப்போதுதான் மிகுதி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூட்டமும் மிகுதி. மழைக்காலத்திலும் ஏறலாம் என்றாலும், பாதை சேறாவதுடன், உச்சியில் வெண்ணிற மேகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாமல் திரும்ப நேரலாம். உலர்ந்த பருவத்திலும்கூட உதயத்துக்கு எவரும் உறுதி கூற இயலாது. உறுதி கூறும் முகவரை ஐயத்துடன் அணுகுவதே நல்லது. மார்ச் மாதத்தை ஒட்டி வரும், பாலி இந்துக்களின் மௌன நாளான ஞெப்பியன்று தீவு முழுவதும் அடங்கியிருக்கும், விமான நிலையமும் மூடப்படும் என்பதால், அந்தத் தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும் நேரத்தை உதய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. பாலியில் ஜூலை மாதத்தில் சூரியன் ஏறக்குறைய ஆறரை மணிக்கு உதிக்கிறது. நவம்பர் தொடக்கத்திலோ ஐந்தே முக்கால் மணிக்கே உதித்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் விடியற்கால ஒளி நீண்ட நேரம் நிலைப்பதில்லை. வானம் நிறம் மாறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சூரியன் மேலே வந்துவிடுகிறது. உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பாவது உச்சியில் இருந்தால்தான் அந்த நிற மாற்றத்தை முழுமையாகக் காண முடியும். எனவே ஜூலையில் நான்கு மணிக்கு நடக்கத் தொடங்கினால் போதுமானது. அதே நான்கு மணித் திட்டத்தை நவம்பரில் பின்பற்றினால் பாதி வழியில்தான் விடியும். முன்பதிவு செய்யும்போது வாகனம் வரும் நேரத்துடன் நடை தொடங்கும் நேரத்தையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

வழிகாட்டியை அமர்த்துதல்

பாத்தூரில் உள்ளூர் வழிகாட்டிகளுக்கென ஒரு சங்கம் உண்டு. அவர்கள் இன்றி ஏற முயல்வோர் பாதையின் தொடக்கத்திலேயே தடுக்கப்படுவது நெடுநாளைய வழக்கம். பாதை ஒன்றும் குழப்பமானது இல்லையே, எதற்காக வழிகாட்டி என்று வாதிடுவோர் உண்டு. பகலில் அந்த வாதம் ஓரளவு செல்லும். ஆனால் நாம் நடப்பது இருட்டில். கீழே சரளைக்கல், பக்கத்தில் சரிவு, உச்சியில் ஆவி கக்கும் பிளவுகள். எந்தக் கல் உருளும், எந்த விளிம்பு உடையும் என்பது நாள்தோறும் ஏறுபவருக்கே தெரியும். அந்த மலையை நம்பி வாழும் ஊரார்க்கு அதில் வருமானம் சேர்வதும் நியாயமே. பேரம் பேசுவதில் தவறில்லை. ஆனால் கட்டணத்தில் நுழைவுச்சீட்டு, வழிகாட்டி, வாகனம், காலை உணவு, வெந்நீர்க் குளத்தின் சீட்டு ஆகியவற்றில் எவையெவை அடங்கும் என்று எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வழிகாட்டியுடன் எத்தனை பேர் செல்வார்கள் என்பதையும் கேளுங்கள். மெதுவாக நடக்கும் முதியவரோ சிறுவரோ உங்களுடன் இருந்தால், சற்றுக் கூடுதலாகச் செலவிட்டுத் தனி வழிகாட்டியை அமர்த்துவது பெரும் நிம்மதி தரும். பெரிய குழுவில் சென்றால் பின்தங்கியவருக்காக யாரும் அதிக நேரம் காத்திருக்க மாட்டார்கள்.

இது உயிருள்ள எரிமலை என்பதை மறக்கக் கூடாது. 1917-இல் வெடிப்பும் நிலநடுக்கமும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. அப்போது எரிகுழம்பு ஊர்க்கோயிலின் வாயிலருகே நின்றுவிட்டதால் மக்கள் அதை நல்ல சகுனமாகக் கொண்டு அங்கேயே தங்கினர். 1926-இல் மீண்டும் பாய்ந்த குழம்பு அந்த ஊரையும் கோயிலையும் மூடியது. அதன் பிறகே பாத்தூர் ஊரார் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே குடியேறி, தனு ஏரித் தேவியின் கோயிலான ஊலுன் தனு பாத்தூரை அங்கே மீண்டும் எழுப்பினர். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு பெரிய சீற்றம் எதுவும் இல்லை. இந்தோனேசிய அரசு எரிமலைகளின் நிலையை நான்கு படிகளாக அறிவிக்கிறது. மாக்மா இந்தோனேசியா என்னும் அரசுத் தளத்தில் அதைக் காணலாம். முதல் படியான இயல்பு நிலையில் இருக்கும்போது மட்டும் ஏறுவது என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. அருகிலுள்ள அகுங் எரிமலை 2017-இல் சீறியபோது தீவின் விமானப் போக்குவரத்தே நின்றுபோனது என்பதால், அதன் நிலையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

கடற்கரையில் வியர்த்துக்கொண்டிருந்தவர்கள் மலையின் குளிரை நம்புவதில்லை. உச்சியில் விடியும் முன் வெப்பநிலை பத்துப் பதினைந்து டிகிரி அளவுக்கு இறங்கக்கூடும். ஏறும்போது நனைந்த பனியன் மேல் காற்று அடிக்கும்போதுதான் அந்தக் குளிர் உண்மையில் உறைக்கும். எனவே ஏறும்போது மெல்லிய சட்டையும், உச்சியில் மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்றும், அதற்கு மேல் ஸ்வெட்டரோ ஜெர்கினோ வேண்டும். அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம். செருப்பும் தேய்ந்த ஓட்ட ஷூவும் இறங்கும்போது சறுக்கிவிடும். தலையில் மாட்டும் டார்ச் விளக்கை வழிகாட்டிகள் தருவதுண்டு என்றாலும், புதிய பேட்டரியுடன் சொந்த விளக்கு இருந்தால் இரு கைகளும் தடையின்றி இருக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், சிறிது கடலைமிட்டாய் அல்லது பேரீச்சம்பழம், சிறு ரூபியா நோட்டுகள், குப்பையைக் கீழே கொண்டுவர ஒரு பை ஆகியவை போதும். குளியலுக்கான உடை, துண்டு, மாற்றுடை ஆகியவற்றைத் தனிப் பையில் கட்டி, வாகனத்திலோ விடுதியிலோ வைத்துவிட்டுச் செல்லுங்கள். அவற்றை உச்சி வரை சுமப்பதில் பயனில்லை. தரப்படும் காலை உணவில் முட்டை இருக்கும் என்பதால், சைவ உணவு உண்பவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

ஏற்றமும் உச்சியும்

பாதையின் முதல் பகுதி காய்கறித் தோட்டங்களுக்கும் புதர்க்காட்டுக்கும் இடையே மெல்ல உயர்கிறது. எளிதாக இருக்கிறதே என்று இங்கே வேகமாக நடப்பவர்கள்தான் பிற்பகுதியில் மூச்சு வாங்கி அமர்கிறார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். கடைசி மூன்றில் ஒரு பங்கில் பாதை செங்குத்தாகி, கரிய மணலும் சரளையும் காலடியில் நழுவத் தொடங்கும். ஓரடி வைத்தால் அரையடி கீழே வழுக்கும். இங்கே பாதத்தை முழுமையாக ஊன்றி, சிறு சிறு அடிகளாக வைத்து ஏற வேண்டும். வழியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஏற்றிச் செல்வதாக அழைப்பார்கள். உடல்நலம் குன்றினாலன்றி மறுத்துவிடலாம். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு தங்குமிடம் வரும். அங்கிருந்தும் உதயம் நன்றாகவே தெரியும் என்பதால், முழங்கால் வலிப்போர் அத்துடன் நின்றுகொள்வதில் இழப்பு அதிகமில்லை.

மேலே சென்றதும் முதலில் உடை மாற்றி, பிறகு இடம் தேடுங்கள். கிழக்கு நோக்கி அமர்ந்தால் கீழே பிறை வடிவில் ஏரியும், அதன் மறுகரையில் 2,152 மீட்டர் உயர அபாங் மலையும், அதற்கு வலப்பக்கமாகத் தென்கிழக்கில் பாலி மக்கள் தீவின் புனிதச் சிகரமாக வணங்கும் அகுங்கும் தெரியும். வானம் மிகத் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால், லொம்போக் தீவின் 3,726 மீட்டர் உயரமான ரிஞ்சானி எரிமலையும் தென்படும். சூரியன் எழும் இடம் பருவத்துக்கேற்ப நகரும் என்பதைப் படம் எடுக்க விரும்புவோர் கருத்தில் கொள்ள வேண்டும்: ஜூன், ஜூலையில் அது வடகிழக்குப் பக்கமாக எழுகிறது; மார்ச், செப்டம்பரில் நேர் கிழக்கே, ரிஞ்சானிக்கு அருகில் எழுகிறது; ஆண்டின் இறுதியில் அகுங்கின் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

உதயம் முடிந்தவுடன் கூட்டம் இறங்கத் தொடங்கும். நீங்கள் இறங்காதீர்கள். வெளிச்சம் வந்த பிறகுதான் நாம் நிற்கும் இடத்தின் அமைப்பு புலப்படுகிறது. பாத்தூர் என்பது ஒரு பெரும்பள்ளத்தின் நடுவே பிற்காலத்தில் முளைத்த எரிமலை, ஏறத்தாழ 13.8 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பள்ளம், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்புகளில் நிலம் உள்ளே சரிந்ததால் உண்டானது. 1963-இல் பாய்ந்து உறைந்த குழம்பு தென்மேற்குச் சரிவில் கரும்பரப்பாக இன்றும் கிடக்கிறது. இந்த நில அமைப்புக்காகவே பாத்தூர் 2012-இல் உலகளாவிய புவிப்பூங்கா வலையமைப்பில் இந்தோனேசியாவின் முதல் இடமாகச் சேர்க்கப்பட்டது. எரிமலைவாயின் விளிம்பில் சிறிது தூரம் வழிகாட்டியுடன் நடக்கலாம். பாதை குறுகலானது, உயரம் கண்டு அஞ்சுவோருக்கு ஏற்றதன்று. பாறைப் பிளவுகளில் எழும் ஆவியில் முட்டையும் வாழைப்பழமும் வேகவைத்துத் தருவார்கள். அந்த ஆவியில் கை வைத்துச் சோதிக்க வேண்டாம், நொடியில் பொத்துவிடும். குரங்குகள் உணவுப் பையைப் பறிக்கும். அவற்றுக்கு ஊட்டுவதும் கூடாது.

மலை பாலி இந்துக்களுக்கு வழிபாட்டுக்குரியது. பாதையோரம் இருக்கும் படையல்களை மிதிக்காமலும், சிறு கோயில்களின் மேல் ஏறாமலும் இருப்பது அடிப்படை மரியாதை. சுற்றுலாப் பயணிகள் சிலர் புனித மலைகளில் நடந்துகொண்ட விதத்தால், 2023-இல் மாகாண ஆளுநர் மலையேற்றத்தையே தடை செய்யப் போவதாக அறிவிக்கும் நிலை வந்தது.

இறக்கத்தில்தான் விபத்துகள் நேர்கின்றன. முழங்காலைச் சற்று மடக்கி, உடலைப் பின்னுக்குச் சாய்க்காமல், பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இறங்கினால் சறுக்கல் குறையும். தூசி மிகுதியாக எழும் நாள்களில் முகக்கவசம் உதவும்.

வெந்நீர்க் குளத்தில்

தோயா புங்காவில் ஏரியை ஒட்டிப் பல குளங்கள் உள்ளன. எரிமலையின் அடியிலுள்ள வெப்பத்தால் சூடேறிய நிலத்தடி நீர் இங்கே கசிந்து வெளிவருகிறது. அதைத் தொட்டிகளில் தேக்கியிருக்கிறார்கள். நீரின் வெப்பம் தொட்டிக்குத் தொட்டி வேறுபடும்; பெரும்பாலும் உடல் வெப்பத்தை ஒட்டியே இருக்கும்.

நடந்து முடித்த சூட்டோடு நேராக நீரில் இறங்குவது தவறு. ஏற்கெனவே வியர்த்து நீரிழந்த உடல் வெந்நீரில் மேலும் வியர்க்கும்; இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தமும் தாழும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவதற்குக் காரணம் இதுதான். முதலில் அரை லிட்டர் தண்ணீராவது குடித்து, ஏதேனும் உண்டு, கால் மணி நேரம் நிழலில் அமருங்கள். பிறகு சாதாரண நீரில் தூசி போக உடலைக் கழுவிவிட்டு, முதலில் காலை மட்டும் நனைத்து, மெதுவாக இறங்குங்கள். பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே வந்து ஆறிய பின் மீண்டும் இறங்கலாம். இயற்கையான வெந்நீரில் மூக்கினுள் நீர் ஏறுவது அரிதாகக் கடும் மூளைத் தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதால், தலையை முழுக்காமல் கழுத்து வரை அமர்வதே பாதுகாப்பு. குழந்தைகளிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள். காலில் கொப்புளமோ வெட்டுக்காயமோ இருந்தால் அந்தக் காலை நீரில் வைக்க வேண்டாம். கர்ப்பிணிகளும், இதய நோய் அல்லது இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குளத்தருகே விற்கும் பீரை, ஊர் திரும்பிய பின் குடித்துக்கொள்ளலாம்.

குளித்து முடித்ததும் பசி பலமாக இருக்கும். ஏரியில் பிடிக்கும் முஜாயிர் மீனை மசாலாவில் நெடுநேரம் வற்ற வைத்துச் சமைக்கும் ஞாட்ஞாட் இவ்வூரின் சிறப்புணவு. அசைவம் உண்போர் அதைத் தவறவிட வேண்டாம். மேலே விளிம்புச் சாலையில் உள்ள ஊலுன் தனு பாத்தூர் கோயிலுக்குச் செல்ல எண்ணினால், உலர்ந்த உடையுடன், இடுப்பில் லுங்கி போன்ற சாரோங்கும் கச்சையும் கட்டிக்கொண்டு செல்ல வேண்டும். மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் கோயிலுக்குள் வருவதை இங்கு ஏற்பதில்லை. அதற்குப் பிறகு அன்று வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பாக, வாடகை ஸ்கூட்டரை நீங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே திரும்புவதைத் தவிர்த்து, ஓட்டுநருடன் கூடிய வாகனத்தை முதல் நாளே பேசி வையுங்கள்.