பட்டத்துக்கு லைற் பூட்டுவோமா?

வாடைக்காற்று பிடித்துவிட்டது, பட்டத்தில் கட்டி ஒலியெழுப்புகிற விண் கூவத் தொடங்கிவிட்டது, இனித் தை முடியும்வரை பின்னேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைக்க முடியாது. பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து "எங்கடை பட்டத்துக்கும் லைற் வேணும்" என்று நிற்கிற வீடுகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். மின்சுற்று என்றாலே பயப்படுகிறவர்களும் துணிந்து தொடங்கலாம். வயர் வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், பாரத்தைச் சமாளிப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் முதன்முதலில் கட்டியது 9 வோல்ற் பெட்டிப் பற்றரி. அது 45 கிராம் அளவில் வரும். பட்டம் பனை உயரத்துக்குக்கூட எழும்பவில்லை, தலைகீழாக வந்து வடலிக்குள் குத்தி, கொக்குப் பட்டத்தின் கழுத்து முறிந்ததுதான் மிச்சம். நீங்கள் சீஆர் 2032 என்ற வட்டப் பற்றரியை வாங்குங்கள். 3 வோல்ற், பாரமும் ஏறக்குறைய 3 கிராம்தான்.

பட்டத்தில் பூட்டப்போகிற சின்ன லைற்தான் எல்.இ.டி. அதில் நீளக் கால் பிளஸ், கட்டைக் கால் மைனஸ். பற்றரியில் எழுத்துள்ள அகலமான பக்கம் பிளஸ். இரண்டு கால்களுக்கும் நடுவே பற்றரியைச் செருகினால் எரியும், எரியாவிட்டால் திருப்பிச் செருகுங்கள். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ற் அளவு போதும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ற் கிட்ட வேண்டும். இது தெரியாமல் ஒரே பற்றரியில் சிவப்பையும் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் பூட்டினேன். சிவப்பு மட்டும்தான் எரிந்தது, வெள்ளை பழுது என்று நினைத்து நாலைந்தைக் குப்பையில் போட்டேன். உண்மையில் சிவப்பு குறைந்த வோல்ற்றிலேயே மின்னை இழுத்துக்கொள்ள, பற்றரியின் வோல்ற் இறங்கிவிடுகிறது, வெள்ளைக்கு எரியப் போதுமானது மிஞ்சுவதில்லை. ஆகவே ஒரு பற்றரிக்கு ஒரே நிறம், அதிலும் இரண்டு மூன்று சிவப்புக்கு மேல் வேண்டாம்.

வெள்ளைதான் வேண்டுமென்றால் இரண்டு பற்றரிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள், 6 வோல்ற் வரும். அப்போது ரெசிஸ்டர், அதாவது மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிற சின்னப் பாகம், கட்டாயம்; அதன் அளவு ஓமில். 6இல் 3ஐக் கழித்தால் மிஞ்சுவது 3 வோல்ற், அதை 470 ஓமால் பிரித்தால் 6 மில்லி அம்பியர் சொச்சம் ஓடும், இரவு வானத்தில் அந்த வெளிச்சம் தாராளம். 470 ஓமின் கோடுகள் மஞ்சள், ஊதா, மண்ணிறம். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள்.

வயருக்குக் கடைக்குப் போக வேண்டாம், பழுதான இயர்போன் வயரே மெல்லியது, பாரமில்லாதது. அதன் செம்புக்கு மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், நுனியைச் சுரண்டாமல் முறுக்கினால் எரியவே எரியாது. ஈயம் வைத்து ஒட்டினால் உறுதி. ஈயம் வைக்கிற வேலையை எல்லாம் எல்.இ.டி. பக்கத்திலேயே முடியுங்கள், பற்றரியில் ஈயம் வைக்கவே கூடாது, அது சூட்டில் வெடிக்கும். பற்றரிக்கு ரேப் சுற்றினாலே போதும்.

இனிப் பட்டத்தில் பூட்டுவது. பற்றரி நடுக்குச்சியில், முச்சை, அதாவது பட்டத்தை நூலோடு சேர்க்கிற கட்டுநூல்கள், கூடுகிற இடத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும். எல்.இ.டி.கள் இடம் வலம் சமமாக, ஒரு செட்டைக்கு எத்தனையோ மற்றச் செட்டைக்கும் அத்தனை. வயரைக் குச்சியோடு நூலால் கட்டுங்கள், ரிசுப் பேப்பரில் ரேப் ஒட்டினால் கழற்றும்போது பேப்பரும் கூடவே வரும். எல்லாம் முடிந்தபின் முச்சையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கப் பாரத்தைக் குறையுங்கள். விண் பூட்டிய பட்டமென்றால் அதிர்வில் முறுக்கு வயர் கழன்றுவிடும், அங்கே ஈயம்தான். முதல் ஏற்றத்தைப் பகலிலேயே ஏற்றிப் பாருங்கள், இருட்டில் பட்டம் எங்கே விழுந்தது என்று தேடுவது வேறு கதை!

மின்கம்பி பக்கத்தில் வேண்டாம், பலாலி விமான நிலையப் பக்கமும் வேண்டாம். மார்கழிப் பனியில் பேப்பர் நனைந்து பசை இளகும், ஆகவே இரவிரவாக விட்டுவைக்காமல் இறக்கிவிடுங்கள். இறக்கிய உடனே வட்டப் பற்றரிகளைக் கழற்றி எண்ணி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டைக் குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். ஒன்று குறைந்து, பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.