கோமாளி மீன் பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா? உடலைப் பார்த்துக் கண்டறியும் முறை

சிங்கப்பூரில் கடல் மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்களில் பலர் முதலில் வாங்குவது, ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட ஓசெல்லாரிஸ் கோமாளி மீனைத்தான். பாசிர் ரிஸ் பண்ணைப் பகுதியிலும் சிராங்கூன் நார்த் கடைகளிலும் அவை தொட்டி தொட்டியாக நீந்துகின்றன. 1970களிலேயே கோமாளி மீன்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனாலும் கடலில் பிடித்தவை இன்றும் விற்பனைக்கு வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், பண்ணை மீன் என்று சொன்னதை நம்பி ஒரு ஜோடி வாங்கினேன். மூன்றாம் நாள் உடலெங்கும் வெண்சளி படர்ந்தது, மூச்சு இரைத்தது, ஐந்தாம் நாள் இரண்டும் இறந்துபோயின. கடலில் பிடித்த கோமாளி மீன்களை அடிக்கடி கொல்லும் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியின் அறிகுறிகள் அவை. வாங்கிய அன்று எடுத்த படத்தைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த மீன்கள் எங்கிருந்து வந்தவை என்பதை அவற்றின் உடலே காட்டியிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து, தொட்டியின் முன் கால் மணி நேரமாவது நின்று பார்க்காமல் நான் எந்தக் கோமாளி மீனையும் வாங்குவதில்லை.

பார்க்கும் முறையிலிருந்து தொடங்குவோம். மீனின் இரண்டு பக்கங்களையும், நேர் முன்னாலிருந்து முகத்தையும், முடிந்தால் மேலிருந்து முதுகையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் குறையின்றி இருந்து மறுபக்கம் குறையோடு இருப்பது சாதாரணம். கைப்பேசியின் விளக்கைக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து சாய்வாகக் காட்டினால், துடுப்பின் கிழிசலும் செவுள் மூடியின் விளிம்பும் தெளிவாகத் தெரியும்.

பெரும்பாலானோர் முதலில் வெள்ளைப் பட்டைகளைப் பார்க்கிறார்கள். நான் செவுள் மூடியிலிருந்து தொடங்கச் சொல்வேன். கடலில் பிடித்த மீனின் செவுள் மூடி கன்னத்தோடு ஒட்டி, செவுளை முழுதாக மறைத்து, சீரான வளைவில் முடியும். பண்ணை மீன்கள் சிலவற்றில் அது குட்டையாக நின்றுவிடும், அல்லது காய்ந்த இலையின் ஓரம்போல வெளிப்புறமாகச் சுருண்டிருக்கும். விளக்கொளியில் உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடைவெளியில் செவுளின் செம்மை தெரிந்து மறையும். பொரித்து வெளிவரும் குஞ்சு, முதல் எட்டு முதல் பன்னிரண்டு நாள்கள் வரை நீரில் மிதந்து திரியும் பருவத்தில் இருக்கிறது. கடலில் அது பலவகை மிதவை உயிர்களைத் தின்னும். பண்ணையில் பெரும்பாலும் ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கையே தின்று வளரும். அந்த ரோட்டிஃபருக்குப் போதிய ஒமேகா-3 கொழுப்பு ஊட்டப்படாவிட்டால், குஞ்சின் எலும்பு வளர்ச்சியில் பிழைகள் நேரும். கடலில் அத்தகைய குஞ்சுகள் பெரும்பாலும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். தொட்டியிலோ அவை பிழைத்து வளர்ந்து கடைக்கு வந்துவிடும். ஆகவே இத்தகைய குறை தென்பட்டால் மீன் ஏறத்தாழ நிச்சயமாகப் பண்ணையுடையது எனலாம். குறை தென்படாததைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

இதே காரணத்தால் முகத்தையும் முதுகையும் சோதியுங்கள். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீண்டிருப்பது, நெற்றி செங்குத்தாக இறங்கி மூக்கு அமுங்கியிருப்பது, உடல் நீளம் குறைந்து உருண்டையாகத் தெரிவது, மேலிருந்து பார்க்கையில் முதுகெலும்பு லேசாக வளைந்திருப்பது ஆகிய அனைத்தும் பண்ணை அடையாளங்கள். இடுப்புத் துடுப்புகளில் ஒன்று இல்லாமலே இருப்பதையும் பார்த்திருக்கிறேன். தாடைக் குறை லேசாக இருந்தால் மீன் நலமாகவே வாழும். செவுள் பெருமளவு திறந்திருக்கும் மீனை மட்டும் நான் தவிர்ப்பேன்.

இனி வெள்ளைப் பட்டைகள். ஓசெல்லாரிஸ் மீனுக்குத் தலையில் ஒன்று, நடு உடலில் முன்னோக்கிப் புடைத்த ஒன்று, வாலடியில் ஒன்று என மூன்று உண்டு. அவை தலையிலிருந்து வாலை நோக்கி ஒவ்வொன்றாகத் தோன்றுவதால், மிகச் சிறிய மீனில் மூன்றாவது பட்டை இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். நன்றாக வளர்ந்த மீனில் தலைப் பட்டை உச்சியில் இணையாமலோ நடுப் பட்டை பாதியில் அறுந்தோ இருந்தால், அது பெரும்பாலும் பண்ணை மீன்தான். ஆனால் இதை ஒரே சான்றாகக் கொள்ளாதீர்கள். பட்டைகள் உருவாகும் வேகத்தைத் தைராய்டு ஹார்மோன் கட்டுப்படுத்துகிறது என்றும், கடலில்கூட, கோமாளி மீன்கள் அடைக்கலம் புகும் உயிரினமான கடல் சாமந்தியின் (அனிமோன்) எந்த வகையில் குஞ்சு குடியேறுகிறது என்பதைப் பொறுத்து அந்த வேகம் மாறுகிறது என்றும், கோமாளி மீன்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் தென்தீவுகளின் பவளத் திட்டுகளிலும் ஓசெல்லாரிஸ் வாழ்கிறது. கடல் வற்றும் நாளில் சிஸ்டர்ஸ் தீவுகளில் சாமந்தியின் இழைகளுக்கிடையே அதைக் கண்டால், முழுமையான பட்டை எப்படி இருக்கும் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது.

நிறம் பலவீனமான சான்று. கடல் மீனின் ஆரஞ்சு ஆழமாகவும் இளம் பண்ணை மீனின் ஆரஞ்சு சற்று மஞ்சளாகவும் இருப்பது வழக்கம். ஆனால் அஸ்டாசாந்தின் என்ற நிறமி கலந்த உணவு பண்ணை மீனையும் செழிப்பாகச் சிவக்கச் செய்துவிடும். பயணக் களைப்போ கடல் மீனை வெளிறச் செய்துவிடும். பனித்துளி சிதறியதுபோல ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டுகளோ, நீண்டு தொங்கும் துடுப்புகளோ கொண்ட அலங்கார வகைகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அவை தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்டவை.

கடலில் பிடித்த மீனின் அடையாளங்கள் வேறு வகையானவை. பண்ணை மீன்கள் பெரும்பாலும் மூன்று நான்கு சென்டிமீட்டர் அளவிலேயே, ஒரே தொட்டியில் ஒரே அளவில் விற்கப்படும். ஏழெட்டு சென்டிமீட்டர் பெண் மீனும் அதில் பாதியளவு ஆண் மீனும் ஜோடியாக வந்தால், அவை ஒரே சாமந்தியிலிருந்து பிடிக்கப்பட்டவையா என்று கேளுங்கள். வலை உரசி உதிர்ந்த செதில், கிழிந்த வால், ஒட்டிய வயிறு, சளிப் படலம் ஆகியவற்றைத் தேடுங்கள். மீன் வாயைத் திறக்கும்போது நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய உடலும் இரு கரும்புள்ளிக் கண்களும் தெரிந்தால், அது நாக்கைப் பற்றி வாழும் ஓட்டுடலி ஒட்டுண்ணி. அத்தகைய மீன் கடலிலிருந்து வந்தது என்றே கொள்ளலாம். துடுப்புக் கிழிசல் மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம், நெருக்கமான தொட்டியில் பண்ணை மீன்களும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.

இவ்வளவு பார்த்தும் எந்தக் குறையும் வடுவும் இல்லாத மீன் உண்டு. நல்ல பண்ணையில் வளர்ந்த மீனையும் கவனமாகப் பிடித்த கடல் மீனையும் உடலை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது. அப்போது கடைக்காரரிடம் எந்தப் பண்ணை, எந்த நாடு, எப்போது வந்தது என்று கேளுங்கள். உலர் குருணை உணவைச் சிறிது போடச் சொல்லுங்கள். பண்ணை மீன் பொதுவாக உடனே பாய்ந்து வந்து தின்னும். புதிதாகப் பிடித்த கடல் மீன் பெரும்பாலும் வாயில் வாங்கித் துப்பிவிடும். ஐயம் தீராவிட்டால் கடல் மீன் என்றே வைத்துக்கொண்டு, வீட்டில் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துக் கவனித்த பிறகே மற்ற மீன்களோடு சேருங்கள்.